கிரிவலத்தைக் கணக்கில் சேர்க்கலாமா

ஆடி 6, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மலை உச்சியில் மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை. மல்லிகாவுக்கு இன்று டயாலிசிஸ். அவள் உள்ளே, நான் வெளியே பெஞ்சில்.

சென்னை டாக்டர் சொன்னதே காதில் ஓடுகிறது. "நீங்க வொய்ஃபுக்குக் கிட்னி குடுக்கலாம், எல்லாம் பொருந்துது. ஆனா இந்த வெயிட்ல ஆபரேஷன் பண்ண முடியாது. எட்டு கிலோ கொறச்சிட்டு ரெண்டு மாசத்துல வாங்க."

அவள் தம்பிக்குச் சர்க்கரை. வேறு ஆள் இல்லை. கொடுக்க நான் தயார், தொப்பைதான் வழிவிட மாட்டேன் என்கிறது.

போனில் ஒரு ஆப் இறக்கியாயிற்று. தின்றதைப் போட வேண்டும், உடம்பு செலவழித்ததையும் போட வேண்டும். லாட்ஜில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கிறவன் எதைச் செலவு என்று போடுவது?

ஆடி 8, வியாழன்

காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஏறி இறங்கி எடுத்து வந்தேன். அதைப் போடலாமா?

யோசித்த வரை:

ரூம் காட்ட மாடிப்படி ஏறுவது - போடலாம்.

கோயில் வரிசையில் நிற்பது - சந்தேகம்.

ஏ.சி. ஓடவில்லை என்று கத்தும் பெங்களூர்க்காரரோடு மல்லுக்கட்டுவது - நன்றாக வியர்க்கிறது. ஆப்பில் அப்படி ஒன்று இல்லை.

பெருக்குவது, துவைப்பது, தண்ணீர்க் குடம் - ? டயாலிசிஸுக்காக மல்லிகாவின் இடது கையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. இப்போது எல்லாம் நான்தான்.

லாட்ஜ் முதலாளி தட்டு நிறைய பஜ்ஜி அனுப்பினார். ரெண்டு. சரி, மூன்று.

ஆடி 9, வெள்ளி

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் மேடத்துக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் மல்லிகா.

"தெனமும் செய்யற வேலைய சேக்காதீங்க சார். அது ஏற்கெனவே ஒங்க ஒடம்புக் கணக்குல இருக்கு. புதுசா செய்யறத மட்டும் போடுங்க."

"வீட்டு வேலை மேடம்? பெருக்கறது, துவைக்கறது?"

"முன்னாடி செய்வீங்களா?"

"இல்ல."

சிரித்தார். "அப்ப அது ஒங்களுக்குப் புதுசுதான். தாராளமா போடுங்க."

எனக்குச் சந்தோஷம். அப்போதே உட்கார்ந்து குடத்தைப் போட்டேன், துடைப்பத்தைப் போட்டேன். நிமிர்ந்தால் மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. எனக்கு அது எப்பயும் புதுசா இருந்ததில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அழிக்கவில்லை. எட்டு கிலோ வேண்டுமே.

ஆடி 24, சனி. பௌர்ணமி

லாட்ஜ் நிரம்பி வழிகிறது. விடியும்போதே கிளம்பி மலை சுற்றிவிட்டு டூட்டிக்குப் போனேன். வெறுங்கால். வானம் மூடியிருந்தது, நடக்க சுகம். மல்லிகாவுக்குச் சீக்கிரம் நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

முடித்ததும் போட்டேன். ஆப் இதுவரை காட்டாத பெரிய தொகை. ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் இவ்வளவு மிஞ்சாது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

கால் கொப்புளம். மல்லிகா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள், வலது கையால்.

ஆடி 26, திங்கள்

மருந்துக் கடை மெஷினில் ஏறினேன். குறையவில்லை. ஏறியிருக்கிறது. இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தேன். கடைக்காரர், "மெஷின் கரெக்ட்டுண்ணா" என்றார்.

மேடத்துக்குப் போன். "பௌர்ணமி அன்னிக்கி இன்னா சாப்டீங்க?"

"ராத்திரி ரெண்டு இட்லி. அவ்வளவுதான் மேடம்."

"வழியில?"

"வழியில ஒண்ணுமில்ல. பிரசாதம்தான்."

"இன்னா பிரசாதம்?"

சொன்னேன். இந்திர லிங்கத்தில் வெண்பொங்கல். யம லிங்கம் தாண்டிச் சுண்டல். அப்புறம் எலுமிச்சை சாதம், கேசரி. குபேர லிங்கத்தில் ஒரு அம்மா கையைப் பிடித்து நிறுத்திப் புளியோதரை வைத்தார். ஈசான லிங்கத்தில் மறுபடியும் பொங்கல். இங்கே யார் வேண்டாம் என்பார்கள்? நீட்டியதைக் கண்ணில் ஒற்றி வாயில் போடுவதுதான் பழக்கம். அதைச் சாப்பாடு என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நாள்தோறும் கோயிலில் கிடைக்கிற பொங்கலையும் எழுதியதில்லை.

"சாமி குடுத்தாலும் நெய் நெய்தான் சார்." இந்த முறை சிரிக்கவில்லை.

மல்லிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி எனக்கோசரம் சுத்தினீங்களா, எடைக்கோசரம் சுத்தினீங்களா?"

ரெண்டும் ஒன்றுதானே என்றேன். எனக்கே சரியாகப் படவில்லை. வேண்டுதலைக் கொண்டுபோய் ஆப்பில் போட்டு, அந்தத் தைரியத்தில் மறுநாள் ரெண்டு தோசை ஜாஸ்தி தின்றிருக்கிறேன்.

இனிமேல்: பௌர்ணமி நடை கணக்கில் இல்லை. மற்ற நாளில் அதே பாதையில் நடந்தால் போடலாம். பிரசாதம் ஒரு பருக்கை, அதையும் எழுத வேண்டும். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆவணி 12, வியாழன்

நேற்று நல்ல மழை. பேன்ட் நழுவுகிறது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன்.

தினமும் நடை. செங்கம் ரோட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரமத்து வெள்ளைக்காரர்கள் பார்க்கிறார்கள். ஒருவர் கும்பிட்டார். பெரிய பக்தன் என்று நினைத்திருப்பார்.

வீட்டில் ரெண்டு பேரும் அளந்துகொண்டிருக்கிறோம். அவளுக்கு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். எனக்குக் கரண்டியில் சோறு. பேச்சு கம்மி. அவளுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. ரெண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயமாக இருக்கிறது.

ஆவணி 28, சனி

எட்டு கிலோ. முழுசாக. மருந்துக் கடைக்காரர் கை கொடுத்தார்.

மல்லிகாவிடம் சொன்னேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மூஞ்சி ஒட்டிப்போச்சி" என்றாள்.

புரட்டாசி 2, வியாழன்

சென்னை. என்னை மெஷினில் ஏற்றினார்கள். "வெரி குட்" என்றார் டாக்டர். பிறகு மல்லிகாவுக்கு எக்கோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு. ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. டயாலிசிஸே போவட்டும்."

"எப்ப வரட்டும் சார்?"

"இனிமே அதைப் பத்தி யோசிக்க வேணாங்க."

நான் சீக்கிரம் குறைத்திருந்தால் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கீழ்பென்னாத்தூர் வந்தபோது, "தம்பி வூட்டுக்குப் போயிட்டுப் போலாமா?" என்றேன். அவள் ஊர்தான் அது. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாமென்று. அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் எலும்பு குத்தியிருக்கும்.

புரட்டாசி 4, சனி

தூறல். நடக்கப் போகவில்லை.

முதல் சனிக்கிழமை. இந்த வருஷம் படையல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் மல்லிகா அடுப்பு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கையால் வடை தட்டிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை.

சாமிக்குப் படைத்தோம். எனக்கு இலை போட்டாள். சோறு, சாம்பார், பாயசம், வடை. பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"யாருக்கோசரங்க இனிமே பட்டினி கெடக்கறீங்க? வயிறு ரொம்ப சாப்டுங்க. எம் கையால போடறப்பவே சாப்டுங்க."

போதும் என்றேன்.

"போதும்னு சொல்லாதீங்க."

சாப்பிட்டேன். இன்னொரு வடை வைத்தாள். அதையும்.