கறுவா சுகமாக இருக்கிறாள்

கல்முனைக்குடி,
18.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நுவரெலியாக் குளிர் உங்கள் மூட்டு வலிக்கு ஒத்துவருகிறதா? இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசலைக் கூட்டித் திரும்புவதற்குள் மறுபடியும் மண்.

போனில் கதைக்காமல் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று நினைக்க வேண்டாம். போனில் என்றால் நம் இருவருக்கும் நாக்கு முந்திவிடுகிறது. "இன்னொரு குதிரை இந்த வளவுக்குள் வந்தால் நீங்களும் வர வேண்டாம்" என்று நான் சொன்னதும் போனில்தான். நீங்கள் தலாக் என்று சொன்னதும் போனில்தான். அதோடு விட்டீர்களா? ஊருக்கு வந்து, தலாக்கைப் பதிகிற காழியாரிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். எழுத்தில் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

சொன்னது ஒரு தலாக்தான். நான் வீட்டோடு காத்திருக்கிற இந்த இத்தா முடிவதற்குள் மனம் மாறி "மீட்டுக்கொண்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பழையபடி புருஷன் பெண்சாதிதான் என்று காழியார் என் தம்பி பதியுதீனிடம் விளக்கியிருக்கிறார். அந்த வார்த்தை உங்கள் கையில் இருக்கிறது. நான் கெஞ்ச மாட்டேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

இப்போது உங்கள் கறுவாவின் விஷயம். வீடு என் சீதனம், குதிரை நீங்கள் கொண்டுவந்தது. நீங்கள் போய்விட்டீர்கள், குதிரை நிற்கிறது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான். பிடரியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் வழுக்கையாகிவிட்டது. உதிர்கிற முடியெல்லாம் காற்றில் வந்து நான் வெட்டி வைத்த அபாயாத் துணியில் ஒட்டுகிறது. போன கிழமை தைத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு ஒருத்தி போன் எடுத்து, "என்னகா இது, அபாயாவா கம்பளியா?" என்று கேட்டாள். இத்தாவில் இருக்கிற நான் மருந்துக்கடைக்கும் போக முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் மனைவி,
ஹுஸ்னியா


நுவரெலியா,
21.06.2025

அன்புள்ள ஹுஸ்னியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் பார்த்ததும் நெஞ்சு பதறிப்போனது. எந்தப் பக்கம் வழுக்கை? வலப் பக்கமா, இடப் பக்கமா? தோல் சிவந்திருக்கிறதா, பொருக்குக் கட்டியிருக்கிறதா? இதையெல்லாம் எழுத வேண்டாமா?

பயப்படாதே. அது கொசுவும் பூச்சியும் கடித்து வந்த அரிப்பு. இங்கே ஏரிக்கரையில் நிற்கிற குதிரைக்காரர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைச் சொல்கிறேன். இரண்டு கைப்பிடி வேப்பிலையை அவித்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரால் பிடரியைக் கழுவு. நன்றாகக் காயவிடு. பிறகு தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் இறங்கின பிறகு தடவு. உச்சி வெயிலில் தடவினால் தோல் வெந்துபோகும். மாலையில் வேப்பிலைப் புகை போடு. ஈ மொய்த்தால் வினாகிரிக்குச் சரிபாதி தண்ணீர் விட்டு, பழைய துணியில் நனைத்து உடம்பெல்லாம் துடை. கண்ணிலும் புண்ணிலும் படக் கூடாது. குதிரைப் படம் போட்ட போத்தலில் கடைக்காரன் கொள்ளை விலைக்கு விற்கிறதும் இதே சாமான்தான்.

பிரஷ் வாங்காதே. தேங்காய்ப் பொச்சில் ஒரு துண்டை ஊறவைத்துத் தட்டி எடுத்தால் அதைவிட நல்ல பிரஷ் இல்லை. முதலில் வட்டம் வட்டமாகத் தேய், பிறகு முடி போகிற திசைக்கு இழு. கடைசியில் ஈரச் சாக்கால் ஒரு துடை. முடியெல்லாம் சாக்கிலேயே நின்றுவிடும், உன் துணிக்கு வராது. வயிற்றுக்குக் கீழே அவளுக்குக் கூச்சம். அங்கே உள்ளங்கையால் மட்டும் தடவு, பேர் சொல்லிக்கொண்டே தடவு.

மற்ற விஷயத்துக்கு மூன்று மாதம் கிடக்கிறதுதானே. ஆத்திரத்தில் செய்ததை ஆறுதலாக இருந்து பார்ப்போம்.

ஸஜாத்


கல்முனைக்குடி,
10.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வைத்தியம் பலித்துவிட்டது. வழுக்கையில் பூனை முடி மாதிரி முளைக்கிறது. வலப் பக்கம்தான், கேட்டீர்களே. பொச்சை எடுத்துக்கொண்டு போனால் இப்போது அவளே கழுத்தை நீட்டுகிறாள். தேய்க்கத் தேய்க்கக் கீழ்உதடு தொங்கி, கண் சொக்கிப்போகிறது. உலகத்தில் ஒரு கவலையும் இல்லாத முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தனியாக நின்று சிரித்து நாளாகிவிட்டது.

வினாகிரி வாசத்துக்குப் பக்கத்து வீட்டு பாஹிமா ராத்தா வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, அச்சாறு போடுறியா?" என்றா. ஓம், ஒரு குதிரை அளவு அச்சாறு என்றேன்.

எனக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. தையல் ஊசி வலது பெருவிரலில் ஏறி, சீழ் கட்டி, இரண்டு நாளாகக் காய்ச்சல். தைக்க முடியவில்லை. சோறு பிசைந்து தின்னவும் கஷ்டம். ஒரு கையால்தான் எல்லாம் நடக்கிறது. பின்னேரத்தில் மனது ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் இருந்தால் இரண்டு சண்டை போட்டாவது பொழுது போயிருக்கும்.

கறுவாவின் பின்னங்கால் குளம்பில் கெட்ட வாசம் வருகிறது. பாண்டிருப்பிலிருந்து புல் கொண்டுவருகிற பெனடிக் அண்ணன் தூக்கிப் பார்த்து, உள்ளே கறுப்பாக இருக்கிறது என்றார். இதற்கு என்ன?

உங்கள் மனைவி,
ஹுஸ்னியா


நுவரெலியா,
12.07.2025

அன்புள்ள ஹுஸ்னியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். குளம்பு என்றால் விளையாட்டில்லை. குளம்பு போனால் குதிரையே போச்சு. ஈரத்தில் நிற்கிறாள், அதுதான் காரணம். மூத்திரம் தேங்குகிற இடத்தில் மணல் கொட்டச் சொல்லு. கடல் மணல் வேண்டாம், ஆற்று மணல். மேலே உமி பரப்பு, நாளும் மாற்று.

முனை மழுங்கின திருப்புளி ஒன்று என் பெட்டிக்குள் கிடக்கும். காலை மடக்கிப் பிடித்து, குதியிலிருந்து நுனிப் பக்கமாக அழுக்கைத் தோண்டி எடு. நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தைச் சதை இருக்கும், அதைக் குத்திவிடாதே, அவளுக்கு உயிர் போகும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டு வாளிக்குள் காலை வைத்திரு. அவள் பொறுமை இழந்தால் கழுத்தைத் தடவிக்கொண்டு ஏதாவது கதை. குரல் கேட்டால் நிற்பாள், தனிமை அவளுக்கு ஆகாது. எடுத்ததும் நன்றாகத் துடைத்துக் காயவிடு. ஒரு கிழமையில் வாசம் போகாவிட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடு, காசு பார்க்காதே.

இங்கே ஒரே மழை. குதிரைச் சவாரிக்கு ஆள் இல்லை.

ஸஜாத்


கல்முனைக்குடி,
30.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளம்பு வாசம் போய்விட்டது. அவள் காலுக்குக் கலக்கிய உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தை முன்னமே வேறாக எடுத்து என் விரலையும் வைத்தேன். அதுவும் ஆறிவிட்டது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

முந்தாநாள் பெரிய சோதனை. சாகாமத்தில் சிறுபோகம் அறுத்து, பெனடிக் அண்ணன் புது வைக்கோல் கொண்டுவந்தார். தம்பி அன்பு மேலிட்டு அதோடு ஒரு வாளி தவிடும் வைத்துவிட்டான். மத்தியானம் பார்த்தால் கறுவா விழுகிறாள், எழும்புகிறாள், தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்க்கிறாள். வேர்த்து ஒழுகுகிறது. தம்பி மிருக வைத்தியரைக் கூட்டிவர ஓடினான். படுக்கவிடக் கூடாது என்று நீங்கள் எப்போதோ சொன்ன ஞாபகம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றினேன், இடம் போதவில்லை. படலையைத் திறந்து தெருவில் இறங்கிவிட்டேன். கடற்கரை ரோட்டால் போய்ப் போய் வந்தேன்.

"இத்தாவில இரிக்கிற பொம்புள தெருவில குதிரையோட போறா, பாருங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நிர்ப்பந்தம் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் பயந்துதான் போனேன். அவள் செத்தால் உங்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற பயம். நடந்துகொண்டே உங்களுக்குப் போன் எடுத்தேன். அந்த நேரத்தில் உங்கள் குரல் கேட்டிருந்தால் எனக்குப் போதும். நீங்கள் எடுக்கவில்லை. வைத்தியர் வந்து ஊசி போட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு தேறிவிட்டாள்.

உங்கள் மனைவி,
ஹுஸ்னியா


நுவரெலியா,
31.07.2025

அன்புள்ள ஹுஸ்னியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் லத்தி போட்டாளா இல்லையா என்று நீ எழுதவே இல்லையே! போட்டது இறுகலா, இளகலா? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

வயிற்று நோவுக்குக் கைமருந்து என்று ஒன்று கிடையாது. ஓமத் தண்ணி, இஞ்சிச் சாறு என்று ஊரார் சொல்வார்கள், ஒன்றும் ஊற்றாதே. சாப்பாட்டை நிறுத்து, நடத்து, வைத்தியரைக் கூப்பிடு. நீ செய்தது முழுக்கச் சரி. பதியுதீனிடம் சொல்லு, புது வைக்கோலைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும், தவிடு என்றால் நனைத்து ஒரு கையளவு.

போன் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு பார்த்தேன், நேரம் போய்விட்டிருந்தது.

ஸஜாத்


கல்முனைக்குடி,
14.08.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கறுவா சுகமாக இருக்கிறாள். லத்தி ஒழுங்காகப் போடுகிறாள். பிடரி மூடிவிட்டது, குளம்பு கல் மாதிரி இருக்கிறது.

எனக்கு எழுத உங்களுக்கு வேறு ஏதும் இருந்தால் இந்த இரண்டொரு நாளுக்குள் எழுதுங்கள். ஏன் என்று தாளில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் உங்களுக்கே விளங்கும். விளங்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைவி,
ஹுஸ்னியா


நுவரெலியா,
16.08.2025

அன்புள்ள ஹுஸ்னியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நல்லவேளை கேட்டாய். வாலைப் பற்றி எழுத மறந்தே போனேன்!

காய்ந்த வாலில் சீப்புப் போடாதே, அறுந்துவிடும். ஒரு முழம் வால் வளரக் காலம் எவ்வளவு வேண்டும் தெரியுமா? முதலில் தேங்காயெண்ணெய் தொட்டு, விரலால் சிக்கை எடு. நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். பெண்கள் நீங்கள் தலைவாருகிற மாதிரி மேலிருந்து இழுக்கக் கூடாது. பிறகு சவர்க்காரம் கொஞ்சமாய்ப் போட்டு அலசு, நுரை ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது. கடைசியாக ஆறின வெறுந்தேத்தண்ணியை ஒரு வாளி ஊற்று. சீனி போடாத சாயம். வெயிலில் நின்றால் கறுவாப்பட்டை மாதிரியே மின்னுவாள். கழுவும்போது நேர் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில். படம் எடுத்து அனுப்பு.

மற்ற விஷயத்துக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே. நான் மறக்கவில்லை.

ஸஜாத்


நுவரெலியா,
05.09.2025

என் அன்பு ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஜும்ஆ முடிந்ததும் இரண்டு பேரைச் சாட்சி வைத்து, "என் மனைவி ஹுஸ்னியாவை மீட்டுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் முடிவதற்குள் சொல்லியாயிற்று, காழியாருக்கும் தகவல் அனுப்புகிறேன். இனி நீ ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது குதிரைக் கதையையும் விட்டுவிட்டேன், சந்தோஷம்தானே? உனக்கு ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன், ஊதா நிறம். வியாழக்கிழமை வீட்டுக்கு வாறேன். கறுவாவைக் குளிப்பாட்டி வை. எனக்கு மீன் ஆணம் ஆக்கி வை. உன் கையால் தின்று நாளாகிவிட்டது.

உன் கணவன்,
ஸஜாத்


கல்முனைக்குடி,
07.09.2025

ஸஜாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. வியாழக்கிழமை இந்த வீட்டுக்குள் நீங்கள் வர முடியாது. என் இத்தா போன மாதமே முடிந்துவிட்டது.

மாதத்தை எண்ணுகிறது மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு. எனக்கு மூன்று சுத்தம், விலக்குக்கும் விலக்குக்கும் நடுவிலுள்ள நாட்கள். அது முடிந்ததா இல்லையா என்று நான் சொல்வதுதான் கணக்கு. காழியார் உங்களுக்கு முன்னால் வைத்தே இதைச் சொன்னாராம். நீங்கள் அப்போது அந்த இரண்டாவது குதிரையை விற்கிறவனோடு போனில் நின்றீர்கள் என்று தம்பி சொன்னான். ஒரு குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயது சொல்லிவிடுவீர்கள். பெண்சாதியின் இத்தாவை எப்படி எண்ணுவது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அந்த இரண்டொரு நாளுக்குள் எழுதுங்கள் என்று நான் கேட்டது இதற்காகத்தான். நீங்கள் வாலைப் பற்றி எழுதினீர்கள். படித்ததும் முதலில் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். அதன் பிறகும் திங்கட்கிழமை வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன் சத்தம் கேட்ட போதெல்லாம் தையலை விட்டு எழும்பினேன். திங்கட்கிழமை பின்னேரம் என் கணக்கு முடிந்தது. தம்பியை அனுப்பிக் காழியாருக்குச் சொன்னேன். பிறகு குளித்துவிட்டு, அந்த வாலையும் நீங்கள் சொன்னபடி கழுவினேன். நன்றாகத்தான் மின்னுகிறது.

உங்களைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. கூச்சம் எங்கே, நோவு எங்கே, தனிமை ஆகுமா ஆகாதா என்று இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதத் தெரிந்த மனிதர் நீங்கள். உங்களுக்குத் தெரியாது என்றால் நான் மன்னித்திருப்பேன். குதிரைக்கு வந்த கடிதங்களை நான் பிரித்துப் படித்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது எனக்கு.

இனிமேல் நீங்கள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி ஒன்றும் நடக்காது. புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும், அதற்கு என்னிடம் சம்மதம் கேட்க வேண்டும். மார்க்கம் அந்த வழியைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆகையால் கேட்காமலே இருந்துவிடுங்கள், உங்களுக்கும் கௌரவம்.

சால்வையை உங்கள் உம்மாவுக்குக் கொடுங்கள். லொறியோடு வந்து படலைக்கு வெளியே நின்று சலாம் சொன்னால், தம்பி கறுவாவை அவிழ்த்துக் கொண்டுவந்து தருவான். நான் உள்ளே இருப்பேன்.

வஸ்ஸலாம்.

ஹுஸ்னியா