கல்யாணப் பந்தியில் கழன்ற தாடை

அன்புள்ள பொராமுக்கு, அம்மா எழுதுவது. வான்கூவர் குளிருக்கு ஈடுகொடுத்து நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே கொரியாவில், நம் தோங்யோங்கில் அப்பா நலம். நானும் தாடை நீங்கலாக நலம்.

போன மாதம் உன் சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உன் அப்பா பன்றிக்கறியை முட்டைக்கோஸ் இலையில் முஷ்டி அளவுக்குச் சுருட்டி என் வாயருகே நீட்டினார், நாலு பேர் பார்க்கிறார்களே என்று நானும் வாயைத் திறந்தேன். வலப்பக்கம் ஏதோ வழுக்கியது, திறந்த வாய் மூடவில்லை. அந்த நேரம் பார்த்து மணமக்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள், பின்னாலேயே போட்டோக்காரரும். சம்பந்தியம்மா என்னைக் காட்டி, "அவங்களுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம் பாருங்க" என்றார். படத்தைச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எச்சில் ஒழுகிய பிறகுதான் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா என் கடைவாய்ப் பற்கள் மேல் கட்டைவிரல்களை வைத்து அழுத்தித் தாடையை உள்ளே தள்ளினார். பிறகு என் கட்டைவிரலை மணிக்கட்டுப் பக்கம் மடக்கச் சொன்னார். அது முன்கையைத் தொட்டது. உனக்கும் தொடும், பள்ளியில் அதைக் காட்டி மிட்டாய் சம்பாதித்திருக்கிறாய். முழங்கை, முழங்கால் எல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிறவியிலேயே மூட்டெல்லாம் தளர்வும்மா, தாடையும் ஒரு மூட்டுதானே" என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். ஆறு வருஷம் என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

படகுத்துறையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலையை விட்டு டிக்கெட் கிழிக்கப் போனது அதனால்தான். தோழிகளோடு சாப்பிடப் போவதை நிறுத்தினேன், வீட்டிலும் கஞ்சியைத் தனியாகக் குடித்தேன், பேச்சைக் குறைத்தேன். காரில் வெகுதூரம் வந்த பிறகு அப்பா, "நான் என்ன தப்பு பண்ணேன்னு ஆறு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். ஏதாவது அகப்பட்டதா என்று கேட்டேன். பதினொன்று என்றார். திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இரவில் பல்லுக்கு ஓர் உறை, காலையில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வாயைத் திறந்து மூடும் பயிற்சி. வலி முழுக்கப் போகாது, கட்டுக்குள் இருக்குமாம். நீயும் கொட்டாவி வந்தால் முஷ்டியைத் தாடைக்கு அடியில் கொடு, ஆப்பிளை நறுக்கித் தின்னு, காய்ந்த கணவாய் மீனைத் தொடாதே. காதோரம் சொடுக்குச் சத்தம் கேட்டால் என்னைப் போல மறைக்காமல் டாக்டரிடம் போ.

இன்னொன்று. போன அறுவடைப் பண்டிகையன்று நீ போனில், "நான் இங்க வந்துட்டேன்னு உனக்குக் கோபமாம்மா?" என்று கேட்டாய். அன்று வாயைத் திறக்க முடியவில்லை, "ம்" என்று மட்டும் சொன்னேன். நீ வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு அப்பாவிடம்தான் பேசுகிறாய். அது "இல்லை" என்பதற்கான "ம்". கோபம் எனக்கு அன்றும் இல்லை, உன்னை விமானம் ஏற்றிவிட்ட நாளிலும் இல்லை. அன்று அழுகைதான் வந்தது. அழுவதற்கும் வாய் திறக்க வேண்டுமே, விமான நிலையக் கழிவறையில் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுது முடித்தேன்.

எலும்பும் பல்லும் உறுதியாக, நீங்கள் இருவரும் நெடுநாள் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. ஒரேயடியாகப் பத்து நிமிஷம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பத்தும் உனக்கு.

உன் அம்மா,
யோங்நான்