பாதித் தலையும் சர்வீஸ் நம்பரும்

ஆவணி, வியாழக்கிழமை இரவு

முத்துவுக்கு இன்று பாலக்கோட்டில் பெண் பார்க்கும் நாள். காலையில் என் சலூனில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் மிஷினை வைத்தேன். கரண்டு போய்விட்டது.

வெளியே லைன்மேன் என் மீட்டரின் ஃப்யூசைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் பில்லு கட்டிட்டேங்க!"

"இந்த நம்பருக்குக் கட்டலிங்களே," என்று மீட்டருக்கு மேலே சுவரில் பெயிண்டால் எழுதிய சர்வீஸ் நம்பரைக் காட்டினார்.

என் போன் ரசீதில் இருந்த நம்பரோ, பக்கத்து டெய்லர் கடை மீட்டருக்கு மேலே இருந்தது. ரம்ஜானுக்குத் தன் கடைக்கு வெள்ளையடித்த டெய்லர் பாஷா பாய், பெருந்தன்மையாக என் சுவருக்கும் அடித்தார். மறைந்துபோன நம்பர்களை ஞாபகத்திலிருந்து எழுதினார். மாற்றி எழுதிவிட்டார்.

லைன்மேன் மீட்டரிலேயே அச்சடித்திருந்த நம்பரை ஆபீசுக்குப் போன் போட்டுச் சரிபார்த்தார். "மீட்டர் உங்க சர்வீசோடதுதாங்க. இனிமே சுவத்த நம்பாதீங்க," என்று ஃப்யூசை மாட்டினார்.

"நல்லதுதானுங்க நெனச்சேன்," என்றபடி, சத்தம் கேட்டு வந்த பாய், கட்டாமல் விட்டிருந்த தன் பில்லை அங்கேயே போனில் கட்டினார். கோபப்படப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது.

முத்து அதற்குள், கரண்டு பில்லுத் தகராறு, வர நேரமாகும் என்று சொல்லப் பெண் வீட்டுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறான். பாதித் தலையோடு!

இப்போதுதான் போன் செய்தான்.

"பொண்ணு சரின்னுடுச்சுங்கண்ணா. ஆனா கல்யாணத்துக்கப்புறம் கரண்டு பில்லு மட்டும் அந்தப் பொண்ணேதான் கட்டுமாம்."