பேரேரியின் கரையை வெட்டற்க

மழை தவறாதிருக்க, மதகு வற்றாதிருக்க, குடிகளின் குடங்கள் கவிழாதிருக்க.

பேரேரியை அடுத்த வடகரை நாட்டை ஆண்டருளும் தேவியாரும், எம் மன்னர் எழினிவேளின் தமக்கையாருமாகிய ஆதன்நங்கையார் திருமுன்பு, கல்வாயில் நகரத்து முதலமைச்சன் மருதங்கிழான் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டு வயலும் கன்றும் காவலரும் நலமே வாழ்க. இங்கு நலம் என்று எழுத என் எழுத்தாணி துணியவில்லை.

இக்கோடையின் தொடக்கத்தில், இரு நாடும் பருகும் பேரேரியில் பகைவர் நஞ்சு கலந்தனர் என்றொரு வதந்தி நகருக்குள் நுழைந்தது. அதைச் சொன்னவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மன்னர்க்கு முன்னதாக நீரைச் சுவைத்துப் பார்க்கும் பணியாளன் தத்தன், அண்மையில் ஒருநாள், கிண்ணத்தை ஏந்தியபடியே அவை நடுவில் வீழ்ந்து மாண்டான். கண்டோர் அனைவரும் நஞ்சு என்று அலறினர். நானும் அலறினேன்.

மருத்துவர் வெண்ணியார் உடலை ஆய்ந்து வேறு கூறினார். வாயில் நுரையில்லை, நகம் நீலம் பாயவில்லை. ஆனால் கண்கள் குழிந்திருந்தன, உதடு வெடித்திருந்தது, கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. கிண்ணத்தில் எஞ்சிய நீரை அவரே எங்கள் முன் பருகினார், இன்றும் உயிரோடிருக்கிறார். பின்னரே உண்மை தெரிந்தது. வதந்திக்கு அஞ்சிய தத்தன், அரண்மனையில் நீரை நாவால் தொட்டுவிட்டு மறைவில் உமிழ்ந்திருக்கிறான், இல்லத்திலும் பருகவில்லை. “குடம் நிறையத் தண்ணி இருக்க, நாக்கு ஒட்டிப்போய்ச் செத்தானே என் ராசா! குடிய்யா குடிய்யான்னு காலைப் புடிச்சேனே!” என்று அவன் மனைவி மாரடித்து அரற்றியதை வாயிற்காவலர் அனைவரும் கேட்டனர். அவனைக் கொன்றது நீரன்று, நீரின்மை.

இதனை மன்னரிடம் உரைத்தோம். மெல்லக் கொல்லும் நஞ்சும் உண்டென்று அவர் விடையளித்தார். அன்றுமுதல் அவர் நீரைத் தீண்டுவதில்லை. முத்திரையிட்ட சாடியிலுள்ள பழந்தேறல் என்னும் கள்ளை மட்டுமே பருகுகிறார். தேறல் தாகத்தைத் தீர்ப்பதுபோல் காட்டி, உடலில் உள்ள நீரையும் வெளியேற்றிவிடும் என்று மருத்துவர் மன்றாடுகிறார். மன்னரின் சிறுநீர் அருகி, வெல்லப்பாகின் நிறம் கொண்டுள்ளது. தலைநோவால் ஒளியை வெறுக்கிறார். நேற்று என்னைத் தம் மறைந்த தந்தையாரின் பெயரால் அழைத்தார்.

மன்னர் நீர் பருகாத நாளில் மெய்க்காவலரும் பருகார் என்பது இக்குடியின் பழைய வழக்கம். இன்று நண்பகலில் இருவர் மதிலிலிருந்து சரிந்தனர். இரவில் ஒளிந்து பருகுமாறு நானே அவர்களை வேண்டினேன். தலைவன் மாடலன் சிரித்து, “ராசா வாய் காஞ்சு கெடக்க எங்க வாய் நனைஞ்சா, நாளைக்கு எம் பொண்டாட்டியே என்னை ஆம்பளைன்னு மதிக்க மாட்டா சாமி” என்றான். சிரித்தபோது அவன் உதட்டில் குருதி கசிந்தது.  அவை கூடினால், ஒட்டிய உதடுகள் பிரியும் ஒலியே முதலில் கேட்கிறது. அது எனக்குப் பகைவர் முரசினும் அச்சம் தருகிறது.

தேவியாரே, இனி எழுதுவதற்கு என் தலையே விலை. நஞ்சுநீர் குடிகளைக் கொல்லுமுன் பேரேரியின் கரையை வெட்டி நீரை வடித்துவிடுமாறு மன்னர் இன்று ஆணையிட்டார். அவர் கொடியவரல்லர்; குடிகளைக் காப்பதாகவே நம்புகிறார். வறண்ட மூளை பிறப்பித்த ஆணை அது. மழைக்கு இன்னும் நெடுநாள் உண்டு. கரை உடைந்தால் தத்தனின் சாவு இரு நாட்டிலும் வீடுதோறும் நிகழும். அவ்வாணையைத் தங்களிடம் சுமந்துவரும் தூதன் நாளை விடியலில் புறப்படுகிறான். என் ஆள் இன்றே விரைகிறான்.

ஆதலின் வேண்டுவன இவை. கரையில் மண்வெட்டி படவொட்டாமல் காவல் வைத்தருள்க. வதந்திக்கு அஞ்சிக் குடிகள் நீரைக் குறைக்காதிருக்கவும், வெயிலில் உழைப்போர் தாகம் வருமுன்னரே பருகவும் ஊர்தோறும் பறையறைவித்தருள்க. அதன்பின் தாங்களே இங்கு எழுந்தருள்க. தங்கள் கையால் தந்ததைத் தங்கள் தம்பியார் ஒருநாளும் மறுத்ததில்லை. ஏரிநீரில் சிறிது உப்பும் வெல்லமும் கலந்து, முதலில் தாங்கள் பருகி, பின் அவர்க்குச் சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும் என்பது மருத்துவர் சொல். ஒரேயடியாகக் கொடுத்தலும் தீங்காம்.

நானும் நாள்தோறும் அந்நீரையே பருகுகிறேன். நஞ்சில்லை என்று அறிந்தே பருகுகிறேன்; ஆயினும் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை இருமுறை முகர்ந்த பின்னரே வாய்வைக்கிறேன். அறிந்த எனக்கே இவ்வாறெனில், அறியாத அவரை எவ்வாறு குறைகூறுவேன்?

தங்களிடம் இரண்டு ஓலைகள் சேரும். பின்வருவது அரசமுத்திரை தாங்கியது. மீறுவோர்க்குக் கொலைத்தண்டம் என்று அதில் எழுதியுள்ளது, எழுதியவனும் நானே. முன்வரும் இதில் என் கணையாழியின் சிறு முத்திரை மட்டுமே உண்டு.

சிறியதை ஏற்றருள்க. கரை நிற்க. தாங்கள் விரைந்து வருக.

இவை மருதங்கிழான் எழுத்து.