கடலுக்கு ரெண்டு டிக்கெட்

ஜூலை 10, புதன்
இன்று சத்துணவில் கொடுத்த முட்டையை அபிக்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியிலேயே நசுங்கிவிட்டது. அப்படியும் தின்றான். என் தம்பிக்கு ஐந்து வயசு, எதையும் தின்பான்.

சாயங்காலம் நைனாவின் லோடு வண்டி வந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது, குடித்திருக்கிறார். அம்மா கண்ணாலேயே மொட்டைமாடியைக் காட்டினாள். அங்கே வீட்டுக்காரர் ஒதுக்கிப் போட்ட ஓட்டைத் தண்ணீர் டேங்க் ஒன்று படுத்துக் கிடக்கிறது. நாங்கள் ஒளிகிற இடம் அதுதான். அழுதாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழ வேண்டும். உள்ளே அபி சும்மா இருக்காமல் அடிப்பக்கத்தைக் குதிகாலால் உதைத்தான். அது கதவுபோல் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் பளிச்சென்று வெயில். ஒரு பஸ் ஸ்டாண்டு.

பஸ்களுக்குச் சக்கரம் இல்லை. கால்கள்! மாடு எழுவதுபோல் பின்னங்காலை முதலில் ஊன்றி எழுந்து, குலுங்கிக் குலுங்கி நடந்து போகின்றன. நான் பொய் எழுதவில்லை.

ஜூலை 11, வியாழன்
நைனா இன்று குடிக்கவில்லை. போண்டா வாங்கி வந்து அபியைத் தோளில் ஏற்றி ஆடினார். இப்படியே இருக்கக் கூடாதா?

ஆனாலும் டேங்குக்குப் போனோம். கண்டக்டர் ஒரு அக்கா, பெயர் தேவசேனா. அந்த ஊரில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாலைக் கவிழ்த்தது பூனை இல்லை, நான்தான் என்றேன். இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த ஸ்டாப்பிங்கில் இறக்கிவிட்டாள். அங்கே பலூன் செடியில் காய்க்கிறது.

பஸ் கடைசியில் கடலுக்குப் போகுமாம். நானும் அபியும் கடலைப் பார்த்ததே இல்லை. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெரிசாக ஒன்று, என்றாள்.

ஜூலை 15, திங்கள்
ஊதா பலூனில் நாவல்பழ வாசனை. வேறு செய்தி இல்லை.

ஜூலை 19, வெள்ளி
பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதியதைச் சொன்னேன். இரண்டு ஸ்டாப்பிங்தான் கிடைத்தது. அபி, கடல் கடல் என்று என் தாவணி முனையைப் பிடித்து இழுக்கிறான். இன்னும் பெரிசாக என்னிடம் ஒன்று இருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 24, புதன்
இன்னிக்கு அம்மா உதடு கிழிஞ்சிபோச்சு. நைனாதான். அபியத் தூக்கிகினு மாடிக்கு ஓடினேன்.

தேவசேனா அக்கா எதுவும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன். "நைனா குடிச்சிட்டு வந்தா அம்மாவ அடிக்கிறாரு. என் கையில இருக்கிறது எண்ணெய் தெறிச்ச தழும்பு இல்லக்கா. அவரு வெச்ச சூடு."

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். பிறகு, "கடலுக்கு ரெண்டு," என்று கிழித்துக் கொடுத்தாள்.

கடலை எப்படி எழுதுவது? எழுதத் தெரியவில்லை. நாங்கள் சிரித்தால் அலை கிட்டே வந்தது. அபி அதைத் துரத்தினான், அது அபியைத் துரத்தியது. பஸ்கூட முட்டியளவு தண்ணீரில் இறங்கி நின்றது. வயிறு வலிக்கச் சிரித்தேன் — அம்மா அங்கே அப்படி இருக்கும்போது! சிரித்தது தப்பா? தெரியவில்லை.

இங்கேயே இருந்துடலாம் என்றான் அபி. அம்மா இல்லையே என்றேன். மற்ற நாள்போல் நடந்து திரும்ப முடியாத தூரம். டிக்கெட்டுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் மீதி இல்லை. அபி கண்டக்டரிடம் போய் மெல்லச் சொன்னான்: "எங்கக்கா டேங்குல அழுவும். நான் தூங்குற மாதிரி படுத்துகினு பாப்பேன்."

பஸ் எங்களை டேங்க் வரை கொண்டுவந்து விட்டது.

ஜூலை 29, திங்கள், ஆடிக் கிருத்திகை
ஊர் முழுக்கக் காவடி. பள்ளிப்பட்டிலிருந்து சின்னம்மாள் பெரியம்மா புஷ்பக் காவடியோடு காலையிலேயே வந்துவிட்டார். அம்மாவின் அக்கா. நைனா வண்டியில் அரக்கோணம் போயிருந்தார்.

இது இன்னாடி தழும்பு என்று பெரியம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்தே, எண்ணெய் தெறித்தது என்றாள். ஒருமுறை சொன்ன வாய் அல்லவா, தானாக வந்துவிட்டது. இல்ல பெரீம்மா, நைனா வெச்ச சூடு என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வந்து தரையில் உட்கார்ந்து, "ஆமாக்கா," என்றாள். அவ்வளவுதான்.

பெரியம்மா காவடியைத் தோளில் வைத்தார். "மலைக்கோயிலுக்குப் போயி இத்தச் செலுத்திட்டு வந்துர்றேன். அதுக்குள்ள துணிமணிய எடுத்து வை. மூணு பேரும் என்கூட வர்றீங்க."

அம்மா மூட்டை கட்டும்போது நான் டேங்குக்கு ஓடினேன். தேவசேனா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "இனிமே உன்ன ஏத்த முடியாதும்மா. ஒளிச்சு வெக்க உன்கிட்ட ஒண்ணும் இல்லியே." பஸ் படுத்தபடியே காலை ஆட்டியது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
பள்ளிப்பட்டு. நைனா வந்தார், குடிக்காமல். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். குடியை விட்டு ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் பேசலாம் என்று நின்றுகொண்டே சொன்னாள். பெரியம்மா பக்கத்தில் நின்றார். நைனா என் கையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாங்கள் இங்கே இருப்பது நிம்மதியாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
புதுப் பள்ளிக்கூடம். மோனிஷா என்று ஒருத்தி. வாய் ஓயாது. பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு
அபியின் ஐஸைக் கோழி கொத்திக் கீழே தள்ளிவிட்டது. நடுத்தெருவில் கால் பரப்பி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். தெருவில் வீட்டுக்கு வீடு ஓடுகிற நெசவுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டு எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வந்து தூக்கிக்கொண்டாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு இன்னும் சத்தமாக அழுதான். அவனுக்கு இத்தனை பெரிய குரல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.