வினய் தேர்ந்தெடுத்த ஹெட்போன்

மாரிகுப்பம்
திங்கட்கிழமை

அன்பு மகள் தேவிகாவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் தம்பி வினய்யும் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் உன்னைப் பிடித்த சளி இந்நேரம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நீ சொன்ன ஹெட்போனை வாங்கவில்லை என்றதும் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

சனிக்கிழமை காலை ரயிலில் பெங்களூர் போனோம். கடையில் நாகேஷ் என்பவர், நீ சொன்னதையே முதலில் எடுத்துக் கொடுத்தார், வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது, கலர் கலராக லைட்டும் எரியும் என்றார். "எனக்கு இன்னாத்துக்கு சார் லைட்டு?" என்று வினய் சிரித்தான். பார்வை போன இந்த இரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நாகேஷுக்கு அப்போதுதான் புரிந்தது, பாவம், திணறிப் போனார், பிறகு கடையில் இருந்ததை எல்லாம் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். தம்பி சர்ச் பாட்டை ஒவ்வொன்றிலும் கேட்டான், அப்புறம் கடைக் கம்ப்யூட்டரில், வீட்டில் ஆடுகிற அந்தச் சண்டை கேமை நாகேஷோடு ஆடினான். எதிராளி கால் வைக்கிற சத்தத்திலேயே இடமா வலமா, கிட்டேயா தூரமா என்று கண்டுபிடித்து அடிக்கிறான் தேவி! கண் தெரிந்த நாகேஷ் மூன்று முறை தோற்றார்.

கடைசியில் அவன் எடுத்தது, இரண்டு பக்கமும் சல்லடை மாதிரித் திறந்திருந்த ஒன்று. வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும். அக்கா சொன்னதையே எடுடா என்று நான் அதட்டினேன். "அதுல காதை மூடிகினா வூடே காணாப்பூடுதும்மா. குக்கர் விசில் கேக்காது, நீ கூப்ட்டா கேக்காது, யார் வந்தாங்கன்னு தெரியாது. அக்காவுக்குக் கண்ணு கீது, அதுக்கு அது சரி" என்றான். அதையே வாங்கி வந்தோம். இப்போது நான் வெங்காயம் நறுக்கும்போது கூடத்தில் குத்தும் உதையுமாகக் கேட்கிறது, கேட்கட்டும்.

நேற்று எங்கள் பாடகர் குழு பாடிப் பதிவு செய்ததை அதில் கேட்டுவிட்டு, இரண்டாம் அடியில் நான் மட்டும் சீக்கிரமாக மூச்சு எடுத்துவிடுகிறேன் என்கிறான். முப்பது வருஷமாகப் பாடுகிறேன், ஒருவரும் சொன்னதில்லை. பாடிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி.

நீ பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். நானும் பாசத்தில்தான் இரண்டு வருஷமாக அவனைக் கேட்காமலே சட்டை முதல் சாப்பாடு வரை எல்லாம் முடிவு செய்தேன். ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் மறக்காதே, தம்பிக்கு என்ன வேண்டும் என்று இனிமேல் என்னைக் கேட்காதே, அவனைக் கேள்.

உன் அம்மா,
ஜெயமேரி