நாடகத்துக்குக் கேட்ட மெஷின்

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் சித்தி சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நலம் என்றுதான் முதல் வரியில் சொல்ல வேண்டும், அதனால் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு நாளைக்கு முன் கடையில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்க ஏணியில் ஏறினேன், பெட்டிக்கு முன்னால் நான் இறங்கிவிட்டேன், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. டீ டம்ளரைக்கூட இடது கையால்தான் பிடிக்கிறேன். சின்னவள் என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது, ஆனாலும் கடிதம் எழுத வேண்டும் என்றதும் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரே நிபந்தனை, அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித்தான் நீட்டினாள். நான் சொல்வதை அப்படியே எழுதுவாளாம், கூட்டவும் மாட்டாளாம், குறைக்கவும் மாட்டாளாம், நடுவில் என்னிடம் எதுவும் கேட்கவும் மாட்டாளாம். எனக்கு வசதிதான். குறுக்கே பேசாத ஆள் இந்த வீட்டில் கிடைப்பது அபூர்வம்.

உன் சீரியலை முதல் நாளிலிருந்து ஒருநாள் விடாமல் பார்க்கிறோம். ஏழரை மணிக்குக் கடைத் தெருவே காலியாகிவிடுகிறது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். ஷூ பொருந்திய பெண்ணின் பழைய கதையை நீ இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதியிருப்பதாகப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்கின்றன. இருக்கட்டும். தேவதைக்குப் பதில் அழகு நிலையம் நடத்துகிற ஒருத்தி, பூசணிக்காய் வண்டிக்குப் பதில் வாடகைக் கார், இளவரசனுக்குப் பதில் ஷூ கம்பெனி முதலாளி மகன், அவனும் விட்டுப்போன ஒற்றை ஷூவைப் படம் பிடித்துப் போனில் போட்டு ஊரெல்லாம் தேடுகிறான். முப்பது வருஷமாக ஜனங்களின் காலடியில் மண்டியிட்டு அளவெடுத்தவள் சொல்கிறேன், எந்த ஷூவும் ஒரே ஒருத்திக்குப் பொருந்தாது, இந்தத் தெருவிலேயே ஐம்பது பேருக்குப் பொருந்தும். அந்தப் பையன் ஒரு நல்ல கடையில் போய் விசாரித்திருந்தால் உன் கதை மூன்றாம் நாளே முடிந்திருக்கும். இதெல்லாம் கதைதானே என்று விட்டுவிட்டேன். என்னையும் விட்டுவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் நாடகத்துச் சித்தி செருப்புக் கடை வைத்திருக்கிறாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, அது எங்கே எங்கே என்று தேடுகிறாள். பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைக்கிறாள். பேன் வந்தது என்று அந்தப் பிள்ளையின் தலைமுடியைக் கடைக் கத்தரியால் ஒட்ட வெட்டுகிறாள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறாள். எல்லாம் நான்தான், மறுக்கவில்லை. முடியை வெட்டினேன், டப்பாவைப் பூட்டினேன், கை நீட்டியும் இருக்கிறேன். நான் ஒன்றும் தங்கக்கட்டி இல்லை. இரண்டு வயதுப் பிள்ளையோடு நின்ற மனிதனைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, எனக்கே ஒருத்தி சொல்லிக்கொடுக்க வேண்டிய வயது. இதையெல்லாம் நீ எழுதியதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கடைக்கு வருகிறவர்கள் இப்போது காலை நீட்டும்போதே, "பார்த்து அக்கா, நசுக்கிடாதீங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அதையும் நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொள்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். ஷூ தன் சொந்த மகளுக்குப் பொருந்த வேண்டும் என்று உன் நாடகத்துச் சித்தி அவள் காலை ஷூவோடு சேர்த்துக் கடையில் செருப்பின் அடிப்பாகத்தை ஒட்ட வைக்கிற அழுத்து மெஷினுக்குள் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறாள். வேண்டுமென்றே சுற்றுகிறாள், முகத்தில் ஒரு சிரிப்போடு. அடுத்த நாளிலிருந்து அந்த மகள் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், அவள் வரும்போதெல்லாம் பின்னால் ஒரு வேடிக்கை இசை. யாருடைய நடை என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உன் தங்கைக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் வேலை என்பது உனக்குத் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவரை அவள் எல்லோரையும் போலத்தான். இப்போது வேலை முடியும் நேரத்துக்குப் பையன்கள் வந்து நிற்கிறார்கள், அவள் எழுந்து நடப்பதைப் பார்க்க. வாயாலேயே அந்த இசையைப் போடுகிறார்கள். அதனால் நிலையம் காலியாகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாள். உன் சீரியல் வரப்போகிறது என்று கவுன்ட்டர் கண்ணாடியில் முதலில் நோட்டீஸ் ஒட்டியவளும் இவள்தான், எங்க அக்கா எழுதுறது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னவளும் இவள்தான்.

நாற்பத்தோராம் நாள் விளம்பரம் போட்டதும் சின்னவள் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நிஜமாவே வேணும்னுதான் பண்ணியாம்மா?" நான் பதில் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, உன் முகம் ஞாபகத்துக்கு வந்தது, விழுங்கிவிட்டேன். சும்மா இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தனியாகச் சாப்பிடுகிறாள், தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறாள், நான் சமையலறைக்குள் போனால் அவள் வெளியே வருகிறாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நீ இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அப்பாவின் சாவுக்கு வந்துவிட்டுப் போனவள் நாலு வருஷமாக எட்டிப்பார்க்கவில்லை.

இதற்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. கடைசிப் பகுதியை அடுத்த மாதம் எடுக்கிறார்களாம், சித்திக்குத் தண்டனை கொடுக்க வேண்டுமாம், நம் கடைப் பரணில் கிடக்கிற அந்தப் பழைய அழுத்து மெஷினைப் பார்சலில் அனுப்பினால் நிஜமாக இருக்குமாம். பச்சை பெயின்ட் அடித்தது, சக்கரத்தில் நாலு கம்பி, ஒன்று வளைந்திருக்கும் என்று அடையாளம் வேறு எழுதியிருக்கிறாய். "கோவிச்சுக்காதீங்க சித்தி, இது வெறும் கதைதானே." படித்தேன். மூன்று தடவை படித்தேன். அந்த மெஷின் பரணில் இல்லை. அது நடந்த மறுநாளே அப்பா அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தார். அப்போது உனக்கு ஐந்து வயது. உன் தங்கைக்கு இரண்டு.

மெஷினுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், அதை வைத்துக்கொள். நாற்பத்தோராம் நாளில் உன் நாடகத்துச் சித்தி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு வசனம் பேசுகிறாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ செல்லம், ஒட்டிக்கும்." இந்த வசனத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று யோசித்துப் பார்த்தாயா? உன் அத்தை சொல்லியிருக்க முடியாது, அவள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அப்பா சொல்லியிருக்க முடியாது, அவர் தோல் வாங்கப் போயிருந்தார். நான் என் வாயால் அதைச் சொன்னதே இல்லை. கடையின் முன்பக்கம் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன், பின்னறையிலிருந்து அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. குழந்தைக் குரலில். அதற்கு மேல் சின்னவளின் அலறல்.

ஓடி வந்து பார்த்தேன். பழுதுபார்க்க வந்திருந்த, கண்ணாடி மணி தைத்த ஷூ ஒன்றை அவள் காலில் மாட்டியிருந்தாய். ஷூ பொருந்திய பெண்ணின் கதையை உங்கள் இருவருக்கும் சோறு ஊட்டும்போது சொன்னவளே நான்தான். அன்றைக்கு நீ அவளைத்தான் இளவரசி ஆக்கியிருந்தாய், உன்னை இல்லை. பெரியவர்கள் ஷூ, இரண்டு வயதுக் காலில் நிற்குமா, கழன்று கழன்று விழுந்திருக்கும். கழன்ற அடிப்பாகத்துக்கு அப்பா பசை தடவி அந்த மெஷினில் வைத்து அழுத்துவதை நீ தினமும் பார்த்தவள். நீயும் ஷூவுக்குள் பசையைத் தடவி, அவள் காலை உள்ளே விட்டு, மெஷினில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாய். ஒட்டிக்கொண்டால் அப்புறம் கழலாது, அவள்தான் எப்போதும் இளவரசி. ஒரு செருப்புக் கடைக்காரனின் பிள்ளைக்குத்தான் அப்படித் தோன்றும். உன் மேல் எனக்கு அன்றைக்கும் அதற்காகக் கோபம் இல்லை.

ஆனால் அடித்தேன். முதலில் உன்னைத்தான் அடித்தேன். கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று, அதற்கப்புறம்தான் சக்கரத்தைத் திருப்பிவிட்டேன். அந்த இரண்டு அடி அடிக்கிற நேரமும் அவள் கால் உள்ளேயே இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான், இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான்தான் பார்க்காமல் சுற்றிவிட்டேன் என்று சொன்னேன். உன் தலையில் அதை ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன், அதோடு என் பங்குக்கும் அதுவே சரியான தண்டனை என்று பட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் மூத்தாள் பிள்ளை மேல் பழி போடுகிறாள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். அந்த வாரம் உன்னை அத்தை வீட்டில் விட்டோம். போகும்போது என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது சித்தி என்று கூப்பிட்டாய். பெற்ற பிள்ளை காலையே நசுக்கியவள் உன்னை என்ன செய்வாளோ என்று அத்தை சொல்லிக் கொடுத்ததைப் பிறகு நீயே ஒருநாள் கோபத்தில் என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். அப்போதும் விழுங்கினேன்.

இந்த இடத்தில் சின்னவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது. பிறகு மறுபடியும் எடுத்துக்கொண்டு, சொல்லு என்றாள். பத்தொன்பது நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இதை நான் சொல்லாமலேயே செத்துப்போயிருப்பேன். இப்போது சொல்வது கொடுமை என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். நீ தூரத்தில் உட்கார்ந்து அழுவாய், அழு. எனக்கு வேண்டியது இவள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுவது, அதற்கு விலையாக உன் நிம்மதியைக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன். என் இரண்டு பெண்களில் ஒருத்தியை இழக்கத்தான் வேண்டும் என்றால் அது நீயாக இருக்கட்டும், நீதான் ஏற்கெனவே போய்விட்டாயே. சித்தி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று உன் கதையிலேயே எழுதியிருக்கிறாய், அதில் இன்றைக்குத்தான் ஒரு வரி உண்மையாகிறது.

கடைசிப் பகுதியில் சித்திக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு, ஆனால் அந்த வேடிக்கை இசையை எடுத்துவிடச் சொல். கழுத்தில் கட்டி வந்தது என்று போன தடவை எழுதியிருந்தாயே, டாக்டரிடம் காட்டினாயா? அலட்சியமாக விடாதே. குளிர் நாளில் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, உனக்குக் குதிகால் சீக்கிரம் வெடிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மெஷின் இல்லாததால் அந்த மணி தைத்த ஷூவைப் பார்சலில் அனுப்புகிறேன். அதை ஒருநாளும் தூக்கிப்போட மனம் வரவில்லை, உள்ளே பசை இன்னும் கெட்டியாக இருக்கிறது. உன் சீரியல் நன்றாக ஓடட்டும், உனக்குப் பெயரும் புகழும் சேரட்டும், நீ நூறு வயது வாழ வேண்டும். எல்லா வருஷமும் இது உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோணலாக இருக்கும்.

உன் சித்தி

அக்கா, இது அம்மா சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். அம்மா முன்னறையில் இருக்கிறாள். ஷூவைப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன், அது இடது காலுக்குத் தைத்தது. உன் சீரியலில் அந்தப் பெண் நாற்பத்திரண்டாம் நாளிலிருந்து வலது காலை இழுத்து நடக்கிறாள். எனக்கு இடது கால்.